நியமனக் கடிதத்தில் ‘வீட்டிலிருந்து வேலை’ என்று இருக்கிறது. இப்போது அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தபோது நியமனக் கடிதத்திலேயே ‘பணியிடம்: பணியாளரின் வீடு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி, அலுவலகம் இருக்கும் நகரத்தை விட்டு வெகு தொலைவில் குடியேறிவிட்டீர்கள். இப்போது ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லோரும் அலுவலகம் வர வேண்டும், வராதவர்கள் தாமாகவே விலகியதாகக் கருதப்படுவார்கள். இது சட்டப்படி செல்லுமா என்று கேட்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என்னைக் கட்டாயப்படுத்த முடியுமா? மறுத்தால் வேலை போகுமா? போனால் என் கைக்கு என்ன வரும்? மூன்றுக்கும் விடை ஒன்றல்ல. முதல் கேள்விக்கு ‘முடியாது’ என்று விடை கிடைத்ததும், மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஜெயித்துவிட்டதாக நினைத்து ராஜினாமாவை வீசிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் பதிலில் ஒரு சாய்வு இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் நிறுவனங்களுக்காக நியமனக் கடிதங்களை எழுதிக் கொடுத்தேன். கடந்த எட்டு ஆண்டுகளாக அதே மாதிரிக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக வாதாடுகிறேன். எந்த நாட்டில் வேலை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எங்கும் பொதுவாக இருப்பதை முதலில் சொல்லி, நாட்டுக்கு நாடு மாறுவதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். கடிதத்தைப் பார்க்காமல் ‘கட்டாயம் ஜெயிப்பீர்கள்’ என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் இருவர் சேர்ந்து போட்டது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து அதைத் திருத்த முடியாது. சம்பளத்தை நிறுவனம் தன்னிஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிகிறது; எழுதிக் கொடுத்த பணியிடமும் அதே வரிசையில் நிற்பதுதான். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், பணியாளருக்கு எழுத்தில் தர வேண்டிய விவரங்களில் பணியிடத்தையும் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறியாணை, எங்கிருந்து வேலை செய்வது என்பதைப் பணியாளரே தீர்மானிக்கலாம் என்றால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே, ‘பணியிடம் நிர்வாகத்தின் விருப்பம், அதற்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை’ என்று மனிதவளத் துறை சொன்னால், அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த உரிமை எதைக் காப்பாற்றும் என்பதில்தான் பலருக்கு ஏமாற்றம். ‘இவரை இவர் வீட்டிலிருந்தே தொடர்ந்து வேலை செய்ய விடு’ என்று ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிடுவது அபூர்வம். ஒருவரோடு ஒருவர் வேலை செய்யும் உறவை ஆணை போட்டு நீட்டிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன. ஒப்பந்தம் மீறப்பட்டால் இழப்பீடு தருவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றன. அந்த இழப்பீடும் பல நாடுகளில் நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தாண்டுவதில்லை, தனிச் சட்டம் ஏதாவது கை கொடுத்தாலொழிய. உங்கள் கடிதத்திலுள்ள அந்த ஒரு வரி வீட்டு நாற்காலியை உங்களுக்குச் சாசனம் செய்து தரவில்லை. நிறுவனம் உங்களை அங்கிருந்து எழுப்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. அந்த விலை எவ்வளவு என்பதைத்தான் இப்போது கணக்குப் பார்க்க வேண்டும்.

விலை ஏறுவதும் இறங்குவதும் கடிதத்தின் சொற்களில் இருக்கிறது. நான் பார்த்த கடிதங்கள் மூன்று தினுசு. ‘பணியிடம்: பணியாளரின் வீடு’ என்று மொட்டையாக இருப்பது முதல் வகை, பணியாளருக்கு நல்லது. ‘நிறுவனத்தின் நடப்புக் கொள்கைப்படி வீட்டிலிருந்து பணிபுரியலாம்’ என்பது இரண்டாவது. இங்கே ‘நடப்பு’ என்ற சொல்தான் விஷம்: கொள்கை மாறினால் உங்கள் பணியிடமும் கூடவே மாறிவிடும். மூன்றாவது வகை முதல் பக்கத்தில் வீடு என்று சொல்லிவிட்டு, ஆறாம் பக்கத்தில் ‘நிறுவனம் தன் தேவைக்கேற்பப் பணியாளரை எந்த அலுவலகத்துக்கும் மாற்றலாம்’ என்று முடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்து, நான்காக மடித்த கடிதத்தை என் மேசையில் விரித்தார். முதல் பக்கத்தில் ‘வீடு’ என்ற சொல்லை மஞ்சள் பேனாவால் பூசியிருந்தார். நான் பின்னாலிருந்து புரட்டினேன். பதினேழாவது ஷரத்தில் அந்த மாற்றல் வாசகம் இருந்தது. அதில் ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய வேலையில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரிப் படிவத்தில் விழுந்த பிழை அது. யாரோ யாரிடமிருந்தோ நகலெடுத்து, காற்புள்ளி உட்பட அவர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. நானே வெட்டிய குழி என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தக் குழிக்கும் ஒரு கரை உண்டு என்பதை மட்டும் சொன்னேன். மாற்றும் அதிகாரத்தைக் கடிதம் கொடுத்திருந்தாலும், அதை நியாயமாகப் பயன்படுத்த வேண்டும் என்று பல நாட்டு நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. ஜெர்மனியில் இது சட்டத்திலேயே இருக்கிறது: வேலையின் இடம், நேரம், தன்மை ஆகியவற்றை முதலாளி தீர்மானிக்கலாம், ஆனால் நியாயமான மதிப்பீட்டின்படி மட்டுமே. வீட்டிலிருந்து வேலை செய்துவந்த ஒருவரை சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அலுவலகத்துக்கு வரச் சொன்ன உத்தரவு செல்லாது என்று கொலோன் நகரிலுள்ள மாநிலத் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொன்னது அந்த அடிப்படையில்தான்.

கடிதத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு நிலம் இவ்வளவு உறுதியாக இல்லை. பழக்கம் ஒப்பந்தமாகிவிடுமா என்பது எந்த நாட்டிலும் வழக்குக்கு வழக்கு மாறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அவசரத்துக்காக அனுப்பப்பட்டவருக்கு அது கடினம். ஆனால் வேலைக்கு எடுக்கும்போதே ‘இது நிரந்தரம்’ என்று ஒரு மேலாளர் மின்னஞ்சலில் எழுதியிருந்தால் கதை வேறு. ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் வழக்கில் காட்டியது. கிடங்குகளை இடம் மாற்றியபோது ஊழியர்களைத் தக்கவைக்க, நிரந்தரம் என்று சொல்லி ஒரு கூடுதல் ஊதியத்தைக் கொடுத்தது அந்த நிறுவனம். பிறகு அதை நிறுத்த, வேலையை விட்டு நீக்கிப் புதிய ஒப்பந்தத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளப் பார்த்தது. அந்த ஊதியத்தைப் பறிப்பதற்காகவே வேலைநீக்க அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. அது ஊதியம் பற்றிய வழக்கு. வீட்டு வேலைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் பழைய மின்னஞ்சல்களில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, என் அனுபவத்தில் வழக்குகள் உண்மையில் தோற்கும் இடம். உத்தரவு வந்த பின் முதல் சில வாரங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மௌனம் சம்மதம் என்று நாம் கல்யாணப் பேச்சில் சொல்வதை, தொழிலாளர் சட்டம் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொள்கிறது. முணுமுணுத்துக்கொண்டே ஆறு மாதம் அலுவலகம் போய்வந்தால், புதிய பணியிடத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எடுபடவும் செய்யும். கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தது. ஒப்பந்தத்தின் முக்கியமான ஒன்றை முதலாளி தனியாக மாற்றினால், பணியாளர் அதை ஏற்கலாம். மறுத்து, தன்னை நீக்கிவிட்டதாகக் கொண்டு வழக்குப் போடலாம். அல்லது ஏற்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வேலையில் தொடரலாம். மூன்றாவது வழியில், அந்த மறுப்புக்குப் பிறகும் முதலாளி அவரை வேலையில் வைத்துக்கொண்டிருந்தால், பழைய நிபந்தனையே தொடர்வதாகக் கொள்ளலாம். ஜெர்மனியில் ‘மாற்றத்தை ஏற்காவிட்டால் வேலைநீக்கம்’ என்று முதலாளி நோட்டீஸ் கொடுத்தால், ‘நிபந்தனையுடன் ஏற்கிறேன்’ என்று சொல்லி, வேலையைப் பார்த்துக்கொண்டே வழக்கும் நடத்த சட்டமே வழி வைத்திருக்கிறது. அதற்கான கெடு மூன்று வாரம்தான்.

எந்த நாடானாலும் என்னிடம் வருகிறவர்களை முதலில் எழுதச் சொல்வது நான்கைந்து வரி மின்னஞ்சல். ‘என் நியமனக் கடிதத்தின் இந்தப் பத்தியில் என் பணியிடம் வீடு என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. என் ஒப்பந்தப்படி தொடர்ந்து பணிபுரியத் தயாராக இருக்கிறேன். பேச்சு முடியும் வரை அலுவலகம் வர நேர்ந்தால், அது என் எதிர்ப்பைப் பதிவு செய்த நிலையில்தான். என் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகாது.’ கோபம் வேண்டாம், பெயரடைகள் வேண்டாம். ‘மனிதாபிமானமற்ற’ என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதியவருக்கு ஆறுதல் கிடைக்கும், கோப்புக்கு ஒரு பலமும் சேராது.

ராஜினாமா மட்டும் செய்யாதீர்கள், குறைந்தபட்சம் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவர் கடிதத்தைப் படிக்கும் வரை. ‘வராவிட்டால் தாமாக விலகியதாகக் கருதுவோம்’ என்பது நிறுவனங்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம். நீக்கினால் நோட்டீஸ், காரணம், இழப்பீடு என்று ஒவ்வொன்றாக வரும். விலகினால் ஒன்றும் கிடையாது. ‘வேலை செய்யத் தயார்’ என்று நீங்கள் எழுத்தில் சொல்லியிருக்கும்போது, உங்களை விலகியவராகக் காட்டுவது அவர்களுக்கு எளிதல்ல. முதலாளி ஒப்பந்தத்தை அடியோடு மீறியதால் வெளியேற நேர்ந்தது என்று சொல்லி, அதைப் பணிநீக்கமாகவே கொள்ளும் கோட்பாடு பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருப்பது உண்மை. ஆனால் மீறல் ஒப்பந்தத்தின் வேரையே தொடுகிறது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். வாரத்துக்கு ஒரு நாள் வா என்பதற்கு அது கிடைப்பது கடினம். முழு வாரமும், வேறு நகரத்துக்கு, ஒரு மாத அவகாசத்தில் என்றால் கை ஓங்கும்.

இனி நாடுகள். இந்தியா என்றால், முதலில் நீங்கள் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளி’யா என்று பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு, குறிப்பிட்ட பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் எந்தெந்த மாற்றங்களுக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்று சொல்லும் அட்டவணையில் ‘பணியிடம்’ என்று தனியாக இல்லை. வழக்கமாகத் தந்துவந்த சலுகையைத் திரும்பப் பெறுவது என்ற இனத்தில் இதைக் கொண்டுவந்து வாதிடலாம். வாதிட இடமிருக்கிறது என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். மேலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தக் கதவே திறக்காது, அவருக்கு ஒப்பந்தம் மட்டும்தான். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. அதுவும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களைத் தொடாது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வழி வைத்தது. அது முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அப்படிப் பேசி எழுதிக்கொண்டது ஒப்பந்தமாகிவிடும்.

பிரிட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 ஏப்ரல் 6 முதல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணிமுறைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்து வாங்கிய மாற்றம், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, ஒப்பந்தத்தின் நிரந்தர மாற்றம். மேலாளர் தோளைத் தட்டி ‘வீட்டிலிருந்தே பாருங்கள்’ என்று அன்பாகச் சொன்னதை விட, படிவம் நிரப்பிப் போராடி வாங்கியதுதான் பின்னால் உதவும். இலங்கையில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது: பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நீக்க வேண்டுமென்றால் அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஆகவே அங்கே ‘வராததற்கு ஒழுங்கு நடவடிக்கை’ என்று பெயர் சூட்டத்தான் நிறுவனங்கள் முயலும். உங்கள் மின்னஞ்சல் அங்கே இன்னும் அவசியம். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதல்கள், முறையாகக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்கின்றன. கேட்பதற்குத்தான் அது வழி. கேட்டது கிடைக்கும் என்பதற்கல்ல.

அமெரிக்காவில்தான் பணியாளருக்கு வெறுங்கை அதிகம். மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், தனி ஒப்பந்தமோ தொழிற்சங்க ஒப்பந்தமோ இல்லாதவரை எந்த நேரத்திலும் யாரையும் நீக்கலாம் என்பதே அடிப்படை. அங்கே ஆஃபர் கடிதத்தில் இருக்கும் ‘வீடு’ என்ற சொல், பெரும்பாலும் இன்றைய நிலையைச் சொல்லும் விவரம் மட்டுமே. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. வீடு ஒரு பெருநகர வட்டாரத்திலும் அலுவலகம் இன்னொன்றிலும் இருந்தால், இடம் மாறும் முன் நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2015இல் வந்த ‘சிமியோ’ என்ற விசா வழக்கின் முடிவிலிருந்து இதுதான் நிலை. ‘திங்கட்கிழமையே வா’ என்று சொன்ன மேலாளருக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்காது. பணிவாக நினைவூட்டினால் உங்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பதால், அந்த வாரங்கள் சின்ன விஷயமல்ல.

உடல்நலக் குறைபாடு, கர்ப்பம் போன்றவை இருந்தால் ஒப்பந்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தச் சட்டங்களைப் பாருங்கள்; அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம்கூட வீட்டு வேலையைத் தக்க ஏற்பாடாகக் கருத இடம் கொடுக்கிறது. ஆனால் ‘வீட்டிலிருந்தே நன்றாகத்தான் செய்கிறேன்’ என்பது மட்டும் போதாது. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தில் வேலை பார்த்த ஒரு மேலாளர் முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, தீர்ப்பாயம் போனார். அவர் வேலையில் குறையில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மறுப்பு சரிதான் என்றது தீர்ப்பாயம். முடிவைத் தாமதமாகத் தெரிவித்ததற்காக மட்டும் 643 பவுண்டு கிடைத்தது. அவருக்கு ஒப்பந்தத்தில் அந்த உரிமை இல்லை, உங்களுக்கு இருக்கிறது; வித்தியாசம் அதுதான்.

அதனால் பேச்சுக்கு உட்காரும்போது ‘வர மாட்டேன்’ என்பதோடு நிற்காதீர்கள். எதிரில் இருப்பவரின் கணக்கை நான் பல ஆண்டுகள் போட்டிருக்கிறேன்: ஒரு வழக்கின் செலவு, உங்கள் இடத்துக்கு ஆள் பிடிக்க ஆகும் காலம், உங்களுக்குக் கொடுத்ததை மற்றவர்களும் கேட்பார்களோ என்ற பயம். மூன்றாவதுதான் அவர்களை அதிகம் உறுத்தும். எனவே ‘எனக்கு மட்டும் விதிவிலக்கு’ என்று கேட்பதை விட, ‘என் கடிதத்தில் இருப்பது மற்றவர்கள் கடிதத்தில் இல்லை’ என்று காட்டுங்கள். கையெழுத்துப் போடுபவருக்கு அது ஒரு சாக்கு. ஓராண்டு அவகாசம், குடிபெயரும் செலவு, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் வருவது, அல்லது நல்ல தொகையோடு விலகல் என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டது எதுவானாலும் புதிய கடிதமாக வாங்குங்கள், ‘நடப்புக் கொள்கைப்படி’ என்ற சொற்கள் அதில் நுழையாமல்.

உங்கள் நியமனக் கடிதம், சேரும்போது வந்த மின்னஞ்சல்கள், இப்போதைய உத்தரவு ஆகியவற்றின் நகலைச் சொந்த இடத்தில் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் மற்றக் கோப்புகளைத் தொடாதீர்கள், அது அவர்களுக்கு நீங்களே கொடுக்கும் காரணமாகிவிடும். பிறகு நாட்டின் பெயர், பணியிடம் பற்றிய வரி, மாற்றல் பற்றி எங்காவது ஷரத்து இருந்தால் அது, இந்த மூன்றையும் எழுத்து மாறாமல் எழுதுங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடைசிப் பக்கங்களையும் படித்துவிட்டு எழுதுங்கள். பதினேழாவது ஷரத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.